சுழல் லென்ஸ் கேமராவில் விழுந்த பட்டைகள்: ட்யூப்லைட்டைக் கடிகாரமாக்கிச் செய்த சோதனை

மூன்றாவது ரோலில்தான் விடை கிடைத்தது. முதல் ரோலின் நெகட்டிவில் செங்குத்தாக விழுந்திருந்த பட்டைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கேமராவுக்குள் இல்லை, தலைக்கு மேல் எரிந்த விளக்கில் இருந்தது. மிச்சமிருந்தவை மட்டும் லென்ஸைச் சுமந்து திரும்பும் டிரம்மின் கோளாறு. அதையும் ஒரு திருகுகூடக் கழற்றாமல் சரிசெய்ய முடிந்தது. பழைய பனோரமா கேமரா வாங்கி, முதல் ரோலைப் பார்த்ததும் ஸ்க்ரூடிரைவரைத் தேடுகிறவர்கள் அதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது.

கேமரா, மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்கில் தயாரான ஹொரைசான் 202. 28 மி.மீ. லென்ஸ், அதன் துளையளவு எஃப் 2.8 முதல் 16 வரை. சாதாரண 35 மி.மீ. ஃபிலிமில் 24க்கு 58 மி.மீ. அளவுள்ள படம். லென்ஸ் ஒரு டிரம்முக்குள் இருக்கிறது. ஷட்டரை அழுத்தியதும் டிரம் 120 பாகை திரும்புகிறது. அதன் பின்பக்கத்தில் உள்ள ஸ்லிட் என்ற குறுகிய இடுக்கு, வில்லாக வளைந்து நிற்கும் ஃபிலிமின் மேல் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒளியைப் பூசிக்கொண்டே போகிறது. ஸ்பீடுகள் இரண்டு வரிசை: 1/2, 1/4, 1/8 மெதுவான ஓட்டத்தில், 1/60, 1/125, 1/250 வேகமான ஓட்டத்தில். ஒவ்வொரு வரிசைக்குள்ளும் டிரம்மின் வேகம் ஒன்றுதான், மாறுவது ஸ்லிட்டின் அகலம் மட்டுமே. கீழே வரும் கணக்கெல்லாம் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

முதல் ரோலில் நடந்தது

லோடிங்கிலேயே ஒரு தவறு. ஃபிலிம் வளைவான தளத்தில் ஒட்டி உட்கார வேண்டுமானால், இரு பக்கமும் உள்ள உருளைகளுக்கு அடியில் நுழைந்து போக வேண்டும். சாதாரண எஸ்.எல்.ஆரில் போடுவதுபோல மேலோடு இழுத்து, ஃபிலிமைச் சுற்றிக்கொள்ளும் டேக்கப் ஸ்பூலில் செருகினால் மூடி மூடிக்கொள்ளும், லீவரும் சுற்றும், ஆனால் ஃபிலிம் வளைவை விட்டுத் தூக்கி நிற்கும். நடுவில் கூர்மை போய்விடும், டிரம் ஃபிலிமை உரசவும் வாய்ப்புண்டு. முதல் நான்கு படங்கள் அப்படித்தான் வீணாயின. பின்மூடியை மூடுமுன் இரண்டு முறை லீவரைச் சுற்றி, மேலும் கீழும் பற்களில் துளைகள் ஏறியிருக்கின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். விரலால் மெல்ல அழுத்தினால் ஃபிலிம் அசையக் கூடாது.

மீதிப் படங்களில் மூன்று விதமான குறைகள் இருந்தன. மண்டபத்துக்குள் 1/250இல் எடுத்தவற்றில், ஒரு ஓரம் முதல் மறு ஓரம் வரை சீப்புப் பல் மாதிரி சம இடைவெளியில் செங்குத்துப் பட்டைகள். வெயிலில் எடுத்தவற்றில் அவை இல்லை, ஆனால் டிரம் கிளம்பும் ஓரத்தில் சுமார் 6 மி.மீ. அகலத்துக்கு நெகட்டிவ் அடர்த்தியாக, அதாவது அதிக ஒளி பட்டுக் கறுத்து, இருந்தது. மூன்றாவது, எல்லாப் படங்களிலும் மேல் விளிம்பிலிருந்து 7 மி.மீ. கீழே நூல் பிடித்ததுபோல ஒரு கிடைக்கோடு.

இந்த இடத்தில் எடுத்த முடிவு தவறு. மூன்றுக்கும் ஒரே காரணம், உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, லைட்டர் திரவமும் கடிகார எண்ணெயும் வாங்கியாயிற்று. 430 ரூபாய். இரண்டும் பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன. நெகட்டிவை லைட் பாக்ஸில் வைத்து வெர்னியர் அளவுகோலால் அளந்திருந்தால் அன்றைக்கே பாதி விஷயம் புரிந்திருக்கும்.

அளக்கும்போது முதலில் ஒதுக்க வேண்டியது 4.75 மி.மீ. என்ற எண்ணை. 35 மி.மீ. ஃபிலிமின் துளைகளுக்கிடையே உள்ள தூரம் அது. பட்டைகள் துளைகளுக்கு நேராக, அதே இடைவெளியில், விளிம்பில் அடர்த்தியாகவும் நடுவில் மங்கியும் இருந்தால் கேமராவைத் தொடவே வேண்டாம். டெவலப்பிங் டாங்கை வேகமாகக் குலுக்கியதால் ரசாயனம் துளைகள் வழியே பீய்ச்சி வந்த தடம் அது. இங்கே இடைவெளி 2.6 மி.மீ. வந்தது. அதனால் டாங்க் குற்றவாளி இல்லை.

விளக்கு ஏன் பட்டை போடுகிறது

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். காப்பர் சோக் போட்ட பழைய ட்யூப்லைட் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஃபிலிம் முழுவதையும் ஒரே நேரத்தில் திறக்கும் கேமராவில் இது மொத்த எக்ஸ்போஷரை, அதாவது ஃபிலிமில் விழும் ஒளியின் அளவைத்தான் கூட்டும், குறைக்கும். ஸ்லிட் நகர்ந்துகொண்டே போகும் கேமராவிலோ ஒவ்வொரு துடிப்பும் ஃபிலிமில் ஒரு பட்டையாகப் பதிவாகிவிடும். ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே சரியாக விநாடியில் நூறில் ஒரு பங்கு.

மண்டபப் படங்களைக் கெடுத்த இந்தக் குறைதான் டிரம்மைச் சோதிக்கக் கிடைத்த மிகச் சிறந்த கருவி. ட்யூப்லைட் ஒரு கடிகாரம், ஃபிலிம் அதன் பதிவேடு. பட்டைகள் சம இடைவெளியில் இருந்தால் டிரம் சீராக ஓடுகிறது. எங்காவது நெருங்கினால் அந்த இடத்தில் டிரம் மெதுவாகியிருக்கிறது, விலகினால் பாய்ந்திருக்கிறது. விலையுயர்ந்த ஷட்டர் டெஸ்டர் எதுவும் தேவையில்லை.

சோதனை மேடை

இரண்டாவது ரோலில் தெளிந்த வானத்தை எடுத்துப் பார்த்தது வீண். 120 பாகை அகலத்தில் வானம் ஒருபோதும் ஒரே வெளிச்சமாக இருக்காது. சூரியன் இருக்கும் பக்கம் ஒரு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) மேல் கூடிவிடும், அதற்குள் மெல்லிய பட்டையைத் தேடுவது இயலாத காரியம். வெள்ளைச் சுவரும் அப்படியே: நடுவில் பிரகாசமாகவும் ஓரங்களில் மங்கலாகவும் இருக்கும்.

வேலை செய்த ஏற்பாடு இது. ட்ரேசிங் பேப்பர் ஒரு தாள் வாங்கி (20 ரூபாய்), தெர்மாகோல் பலகையில் (30 ரூபாய்) 20 செ.மீ. ஆரத்தில் அரைவட்டம் வரைந்து, அந்தக் கோட்டில் மூங்கில் குச்சிகள் குத்தி, தாளைத் திரைச்சீலைபோல நிறுத்த வேண்டும். அரைவட்டத்தின் மையத்தில் கேமரா. லென்ஸ் திரும்பும் எந்தத் திசையிலும் காகிதம் அதே தூரத்தில் இருக்கும். ஃபோகஸ் தேவையில்லை, மங்கலாக இருப்பதே நல்லது. காகிதத்துக்குப் பின்னால், அதிலிருந்து 30 செ.மீ. தள்ளி, நான்கு அடி ட்யூப்லைட் பட்டி ஒன்று கிடையாக. மூன்று பக்கம் மூன்று பட்டிகள் வைக்க முடிந்தால் இன்னும் சீராக வரும். எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்ச் போர்டிலிருந்து எடுக்க வேண்டும். வீட்டில் மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்து, விளக்குகள் வேறு வேறு ஃபேஸில் இருந்தால் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பட்டையே தெரியாமல் போய்விடும்.

விளக்கைப் பொறுத்து மூன்று எச்சரிக்கைகள். எலக்ட்ரானிக் சோக் போட்ட பட்டி உதவாது, அதன் துடிப்பு பல்லாயிரம் ஹெர்ட்ஸ். ஸ்டார்ட்டர் உள்ள பழைய பட்டிதான் வேண்டும். அது கிடைக்காவிட்டால் மலிவான எல்.இ.டி. பல்பைப் போனின் ஸ்லோமோஷனில் எடுத்துப் பாருங்கள், திரையில் துடித்தால் அது போதும். அடுத்து, ட்யூபின் இரு முனைகளிலும் 50 ஹெர்ட்ஸ் துடிப்பும் கலந்திருக்கும், அதனால் ஒன்றுவிட்டு ஒரு பட்டை அடர்த்தியாகி எண்ணும்போது குழப்பும். இரு முனைகளிலும் 15 செ.மீ. அளவுக்கு அட்டையால் மறைத்துவிட வேண்டும். கடைசியாக, ஜன்னல் வெளிச்சம் சேரக் கூடாது. இரவில் செய்வதே வசதி.

ஃபிலிம் ஐ.எஸ்.ஓ. 400 கறுப்பு வெள்ளை. 1/250, எஃப் 4இல் ஆரம்பித்து, ஒவ்வொரு ஸ்டாப்பாக மேலும் கீழும் ஒரு படம். 1/250தான் வேண்டும். அந்த ஸ்பீடில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளி விழுவது 4 மில்லி விநாடிதான், 10 மில்லி விநாடித் துடிப்பு அப்படியே தெரியும். 1/60இல் ஒன்றரைத் துடிப்புக்கு மேல் சேர்ந்துவிடுவதால் பட்டை வெளுத்துவிடும். ஆறு படம் முடிந்ததும் இருட்டுப் பையில் ஃபிலிமை வெட்டி, அதை மட்டும் டெவலப் செய்தால் ரோலின் மீதி வீணாகாது.

கிடைத்த அளவுகள்

நடுப்பகுதியில் பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்தால் 26.2 மி.மீ. ஒன்றுக்கு 2.62. எப்போதும் பத்தாக அளந்து வகுப்பதே சரி, ஒன்றை மட்டும் அளந்தால் வெர்னியரை வைக்கும் கையே 0.2 மி.மீ. பிசகும். அதன்படி ஸ்லிட் விநாடிக்கு 262 மி.மீ. வேகத்தில் போகிறது, 58 மி.மீ. படத்தைக் கடக்க 0.22 விநாடி.

பின்மூடியைத் திறந்து, அரை மி.மீ. கோடுகள் அச்சிட்ட காகிதத் துண்டை ஸ்லிட் ஓரம் வைத்துப் போன் மேக்ரோவில் படம் எடுத்து அகலத்தையும் அளந்தோம் (உலோக வெர்னியரை அதற்குள் விடக் கூடாது, விளிம்பு கீறினால் அது ஒவ்வொரு படத்திலும் கோடாகும்). 1/250க்கு 1.1 மி.மீ., 1/125க்கு 2.1, 1/60க்கு 4.3. அகலத்தை வேகத்தால் வகுத்தால் முறையே 1/238, 1/125, 1/61. ஸ்பீடுகள் மூன்றும் சரியாக இருந்தன. கிரீஸ் காய்ந்து இறுகிய கேமரா இப்படிக் காட்டாது. லைட்டர் திரவத்தை அலமாரியில் வைத்தது இந்த எண்களைப் பார்த்த பிறகுதான்.

டிரம் கிளம்பும் ஓரத்தில் மட்டும் கதை வேறு. முதல் மூன்று இடைவெளிகள் 2.1, 2.3, 2.5, நான்காவதிலிருந்து 2.6. டிரம் நின்ற நிலையிலிருந்து வேகம் பிடிக்கும் தூரம் அது. 2.1க்கும் 2.62க்கும் உள்ள விகிதம் சுமார் ஒன்றேகால், அதாவது மூன்றில் ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம். வெயிலில் எடுத்த படங்களின் ஓரத்தில் பார்த்த அடர்த்தி இதுதான். சுழல் லென்ஸ் கேமராக்கள் எல்லாவற்றுக்கும் உள்ள சிக்கல் இது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் தயாரான நோபிளெக்ஸ் கேமராவில் இதற்காகவே டிரம்மை முழு வட்டம் சுற்ற வைத்தார்கள்: முதல் பாதியில் வேகம் பிடித்துக்கொண்டு, அடுத்த பாதியில்தான் ஃபிலிமில் ஒளியைப் பூசும்.

நீண்ட நாள் அலமாரியில் கிடந்த கேமராவில் இந்த ஓரம் அகலமாகும். மருந்து, ஃபிலிம் இல்லாமல் ஓட்டுவது. வேகமான வரிசையில் 60 முறை, மெதுவான வரிசையில் 10 முறை, மறுநாள் மறுபடியும் அதேபோல. டிரம் பாதி வழியில் இருக்கும்போது ஸ்பீடு வளையத்தைத் தொடக் கூடாது. பிறகு மூன்றாவது ரோலில் எடுத்த சோதனையில் முதல் இடைவெளி 2.4, இரண்டாவதே 2.6. மிச்சம் ஒரு ஸ்டாப்பில் எட்டில் ஒரு பங்குதான். பிரிண்டில் தேடினாலும் தெரியாது. இதற்கு மேலும் குறையாமல் பல படங்களில் ஒரே இடத்தில் இடைவெளி நெருங்கினால், அப்போது பல்சக்கரத்தில் அழுக்கு இருக்கிறது என்று பொருள். அப்போதுதான் மேல்மூடியைத் திறக்கும் பேச்சு வர வேண்டும், அதுவும் பழகிய மெக்கானிக்கின் கையால்.

கிடைக்கோடு

ஃபிலிமில் நீளவாக்கில் கோடு வந்தால் கீறல் என்றுதான் தோன்றும். கீறல் என்றால் படத்துக்கும் படத்துக்கும் நடுவே உள்ள வெற்று இடத்திலும் தொடர்ந்து போக வேண்டும். இங்கே கோடு படத்துக்குள் மட்டும் இருந்தது. 1/250இல் கூர்மையாகவும் 1/60இல் மங்கலாகவும் இருந்தது. ஸ்லிட்டின் ஓரத்திலிருந்து ஒரு தூசியிழை நீட்டிக்கொண்டிருந்தால் இப்படித்தான் வரும். 1.1 மி.மீ. இடுக்கை ஒரு மி.மீ. இழை கிட்டத்தட்ட அடைத்துவிடும், 4.3 மி.மீ. இடுக்கில் அது கால் பங்குகூட இல்லை. இழை ஸ்லிட்டோடு சேர்ந்தே நகர்வதால் புள்ளியாக நிற்காமல் கோடாக இழுபடுகிறது.

பின்மூடியைத் திறந்து, ஸ்லிட்டை 1/60க்கு விரித்து, டார்ச்சைச் சாய்வாக அடித்ததில் கறுப்பு வெல்வெட்டிலிருந்து பிரிந்த ஒரு இழை தெரிந்தது. பல்பு ப்ளோயரில் போகவில்லை. பூஜ்ய எண் வாட்டர்கலர் பிரஷின் நுனியைச் சற்று ஈரமாக்கி ஒட்டியெடுத்ததும் வந்துவிட்டது. டின்னில் அடைத்த காற்றை இங்கே பயன்படுத்தாதீர்கள், அது இழையை டிரம்முக்குள் தள்ளிவிடும்.

இந்த அளவுகள் படமெடுப்பதில் எங்கே உதவுகின்றன

ட்யூப்லைட் எரியும் உள்ளிடங்களில் முக்காலியும் 1/8ம்தான். பன்னிரண்டரைத் துடிப்புகள் ஒவ்வொரு புள்ளியிலும் சேர்ந்துவிடுவதால் பட்டை மறைந்துவிடும். ஆனால் டிரம் முப்பது மடங்கு மெதுவாகப் போகும், ஆறரை விநாடிக்கு மேல் ஆகும். அதுவரை முக்காலியைத் தொடாமல் நிற்க வேண்டும்.

நகரும் பொருள்களைக் கணிக்கவும் முடிகிறது. ஸ்லிட்டின் வேகத்தை லென்ஸின் 28 மி.மீ.யால் வகுத்தால் டிரம் விநாடிக்கு சுமார் 9.4 ரேடியன் (ஒரு ரேடியன் சுமார் 57 பாகை) திரும்புகிறது. பத்து மீட்டர் தூரத்தில் மணிக்கு 36 கி.மீ.யில் குறுக்கே போகும் பஸ் விநாடிக்கு ஒரு ரேடியன். டிரம் போகும் திசையிலேயே பஸ்ஸும் போனால் சுமார் 12 சதவீதம் நீண்டுவிடும், எதிர்த்திசையில் போனால் 10 சதவீதம் குறுகும். மெதுவான வரிசையில் பஸ் டிரம்மை முந்திவிடும்.

மட்டம் பார்ப்பதில் சோம்பல் கூடாது. வியூஃபைண்டரில் குமிழி தெரிவது அதற்காகத்தான். கேமரா 3 பாகை கீழே சாய்ந்தால் அடிவானம் படத்தின் நடுவில் மையக்கோட்டுக்கு 1.5 மி.மீ. மேலேயும் இரு ஓரங்களிலும் 0.7 மி.மீ. மேலேயும் விழும், கடல் குன்றுபோல வளைந்துவிடும். மேலே சாய்ந்தால் கிண்ணம். நேர் எதிரே நிற்கும் நீண்ட மதிலும் வளையும், ஆனால் அது கேமராவை மட்டம் பார்த்தாலும் வளையும். 60 பாகையில் மதிலின் உயரம் நடுவில் இருப்பதில் பாதியாகிவிடும். மதில் நேராக வர வேண்டுமென்றால் இந்தக் கேமரா அதற்கானதல்ல.

கைப்பிடி கூடவே வரும், அதைப் பூட்டிக்கொண்டு பிடியுங்கள். கேமராவின் முன்பக்கத்துக்கு எந்த விரல் வந்தாலும் 120 பாகையில் அது படத்தில் விழும். வெயிலில் லீவரைச் சுற்றிவைத்துக்கொண்டு நடக்காமல், எடுக்கும் நேரத்தில் சுற்றினால் டிரம் ஓரம் கசியும் ஒளிக்கு வேலையில்லை.

லேபில் கொடுக்கும்போது டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்: வெட்ட வேண்டாம், ரோலாகவே வேண்டும். வழக்கமான 38 மி.மீ. கணக்கில் வெட்டினால் ஒவ்வொரு பனோரமாவும் இரண்டாகும். 36 படம் எடுக்கும் ரோலில் இங்கே 21, 22 படம் வரும். மிரர்லெஸ் கேமராவில் ஒன்றுக்கு ஒன்று அளவில் படியெடுத்தால் 36 மி.மீ. சென்சாருக்கு ஒரு நெகட்டிவுக்கு இரண்டு படம் போதும், நடுவில் 14 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று வரும். என்லார்ஜரில் நெகட்டிவைப் பிடிக்கும் 6க்கு 6 செ.மீ. கேரியர் இரு பக்கமும் ஒவ்வொரு மி.மீ. தின்றுவிடும். 6க்கு 7 வேண்டும்.

இந்தக் கேமராவுக்கு மாற்றுகளில் பொருட்படுத்தத் தக்கது, 6க்கு 7 மீடியம் ஃபார்மட் கேமராவில் 35 மி.மீ. ஃபிலிமை அடாப்டர் வைத்து ஓட்டுவது. 50 மி.மீ. லென்ஸில் 70 பாகை கிடைக்கும். 1998இல் வந்த ஹாசல்பிளாட் எக்ஸ்பான் என்ற பனோரமா கேமராவில் 45 மி.மீ. லென்ஸ் காட்டுவதும் கிட்டத்தட்ட அதே அகலம்தான். கோடுகள் நேராக நிற்கும், பட்டை என்ற பேச்சே இல்லை. ஆனால் அது 70 பாகைதான். நடுவில் நிற்பவரும் தெருவின் இரு கோடிகளும் ஒரே படத்தில், ஓரங்களில் இழுபடாமல் வேண்டுமென்றால் டிரம் திரும்பத்தான் வேண்டும்.

செலவு: காகிதம், தெர்மாகோல், பிரஷ் சேர்த்து 90 ரூபாய். ஃபிலிம் மூன்று ரோல், ரோல் 800 வீதம் 2,400. தேவையில்லாமல் வாங்கியது 430.

அடுத்த முறை வரிசையை மாற்ற வேண்டும். ஃபிலிம் போடுவதற்கு முன்பே, பின்மூடியைத் திறந்து, லென்ஸ் பக்கம் விளக்கைக் காட்டி, பின்னால் போனை முக்காலியில் வைத்து விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் ஸ்லிட் போவதைப் பிடிக்கலாம். ஒரு ஓட்டத்துக்கு ஐம்பது ஃபிரேமுக்கு மேல் கிடைக்கும், ஃபிரேமுக்கு இரண்டே சொச்சம் பாகை. ஃபிலிமில் அளப்பதுபோல நுணுக்கம் இராது. ஆனால் டிரம் திக்குகிறதா, கிளம்பும்போது எவ்வளவு தூரம் தயங்குகிறது என்பது தெரிந்துவிடும். முதல் இரண்டு ரோலும் 1,600 ரூபாயும் மிச்சமாகியிருக்கும்.